விஜயதசமிக்கு வைத்த சப்பாத்து

தம்பி சாமியறைக்குள் போவதில்லை என்று ராஜினி தொலைபேசியில் சொன்ன கிழமையே பாரிசுக்குப் போவதென்று முடிவெடுத்துவிட்டேன். ராஜினி என் தம்பி பாலனின் மனைவி. அழுது சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். சந்தையில் வெண்டிக்காய் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"விளக்கு இப்ப நான்தான் கொளுத்திறன் அண்ணை. அவர் வாசலிலை நிண்டு பாத்திட்டுப் போயிடுறார். ஒருக்கால் வந்து கதையுங்கோ."

பாலன் பாரிசுக்கு வெளியே, கார் இருக்கைகளுக்கு இரும்புச் சட்டம் அடிக்கும் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவன். 2017ஆம் ஆண்டு ஆடி மாதத்தோடு அதை இழுத்து மூடிவிட்டார்கள். அவனுக்கு வயது ஐம்பத்திரண்டு. பென்சனுக்கு இளமை, புது வேலைக்கு முதுமை. அந்த நாட்டில் இப்படி ஒரு வயது இருக்கிறது என்று அவனைப் பார்த்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் சுன்னாகத்துக்குக் கிட்ட மாவும் மிளகாயும் அரைக்கிற மில் வைத்திருப்பவன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. தெரிந்ததெல்லாம் மில்லும் கோயிலும்தான். மில்லை மகனிடம் கொடுத்துவிட்டு, எங்கள் ஊர் முருகன் கோயில் திருநீற்றை ஈழநாட்டுப் பழைய பத்திரிகைத் தாளில் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். நவராத்திரி தொடங்கிய அன்று போய் இறங்கினேன். விஜயதசமிக்குள் தம்பியைச் சாமியறைக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பதே என் மனதில் இருந்தது.

விமான நிலையத்துக்கு அவனும் மகள் மாதுமையும் வந்திருந்தார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது. பாரிசிலேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்பதெல்லாம் அவளுக்கு விளங்கும். பதில் பிரெஞ்சில் வரும். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதையே தமிழில் திருப்பிச் சொல்லுவாள். சென் தெனியில் உள்ள பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, வகுப்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

பாலன் என்னைக் கட்டிப்பிடித்தான். தாடி என் கன்னத்தில் குத்தியது. "மில் எப்பிடி அண்ணை ஓடுது?" என்று கேட்டான். 

வீடு லெ பிளாங்-மெனிலில், ஒரு உயரமான மாடிக் கட்டடத்தில். ராஜினி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தாள். புட்டு எங்கள் வீட்டுப் புட்டைவிடப் பூப்போல இருந்தது. பாலன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு ஜன்னலடிக் கதிரையில் போய் இருந்தான். அங்கிருந்து பார்த்தால் கீழே பஸ் தரிப்பிடம் தெரியும். பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பான். பிந்தி வந்தால் "இண்டைக்குப் பிந்தீட்டுது" என்பான். அந்த பஸ்ஸில்தான் அவன் இத்தனை வருடமும் தொழிற்சாலைக்குப் போனவன்.

சாமியறை என்பது அங்கே ஒரு அலுமாரிக்குக் கதவு போட்டதுதான். சரஸ்வதி படத்துக்கு முன்னால் ராஜினி நவராத்திரிப் படையல் வைத்திருந்தாள். அதன் கீழ்த்தட்டு மட்டும் வெறுமையாக இருந்தது. அது சப்பாத்து வைக்கிற இடம் என்று எனக்குத் தெரியும்.

இதை நான் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். விஜயதசமிக்கு எங்கள் மில்லில் இயந்திரத்துக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூ வைப்போம். தச்சர் உளியை வைப்பார், பிள்ளைகள் புத்தகத்தை வைப்பார்கள். பாலனுக்கு வைக்க ஒன்றுமில்லை. அவன் இயந்திரம் ஒரு வீட்டளவு. அதில் பொட்டு வைக்க மேற்பார்வையாளர் விட மாட்டான். ஆனால் ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறை முடிந்து போகும்போது, தொழிற்சாலை எல்லோருக்கும் புதுச் சப்பாத்து ஒரு சோடி கொடுக்கும். காலில் பாரம் விழுந்தால் விரல் நசியாதபடி முன்னால் இரும்புத் தொப்பி வைத்த சப்பாத்து. பாலன் அதைக் காலில் போடாமல் பெட்டியோடு வைத்திருந்து, விஜயதசமியன்று சரஸ்வதிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, அடுத்த வேலை நாள்தான் போட்டுக்கொண்டு போவான்.

முதல் முறை அந்தச் சப்பாத்தைப் படம் பிடித்து ராஜினி அனுப்பியபோது எனக்குப் பொறுக்கவில்லை. உடனே தொலைபேசி எடுத்துப் பேசினேன். "சரஸ்வதிக்கு முன்னாலை சப்பாத்தோ? உனக்கென்ன விசரோடா?"

"அண்ணை, நீங்கள் மில்லுக்குப் பொட்டு வைக்கிறியள். என்ரை மெஷினை நான் வீட்டை காவிக்கொண்டு வரேலாது. அவங்கள் எனக்கெண்டு தந்தது இது ஒண்டுதான்."

அதோடு தொலைபேசியை வைத்துவிட்டேன். ஆனால் மனதுக்குள் சம்மதிக்கவில்லை. இப்போது அந்த வெறும் தட்டைப் பார்த்தபோது, ஒரு சோடி சப்பாத்து அதில் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

அடுத்த நாள், பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலுக்குப் போவோம் என்று நானே அவனை இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். வடக்கு ரயில் நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும். அங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். என் முழங்கால் இடையிடையே இருந்து எழும்பாமல் நடக்க விடாது. சனம் இருக்கிற நீள வாங்கு ஒன்று காலியாக இருந்தது. பாலன் கழிவறைக்குப் போக வேண்டும் என்றான்; எனக்கும் போக வேண்டும். எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் செய்வதுபோல, பையை வாங்கின்மேல் வைத்து இரண்டு பேருக்கும் இடம் பிடித்துவிட்டுப் போனேன்.

திரும்பி வரும்போது அந்தப் பக்கமே வெறிச்சோடிக் கிடந்தது. சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தார்கள். நீளத் துவக்கு வைத்த பட்டாளத்துப் பெடியன்கள் சனத்தைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். துவக்கைக் கண்டதும் எனக்குக் கால் ஓடவில்லை. எங்கள் ஊர்க் கால் அல்லவா. நடுவில் என் பை தனியாக இருந்தது.

"அண்ணை," என்றான் பாலன், "உது உங்கடை பை எல்லோ?"

"ஓம். இடம் பிடிக்க வைச்சனான்."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு பொலிசிடம் போனான். நெடுநேரம் கதைத்தான். கடைசியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். பத்திரிகைப் பொட்டலத்தைப் பிரித்தால் சாம்பல் நிறத்தில் தூள். பொலிஸ்காரனின் முகம் மாறியது. "இது என்ன?" என்று கேட்டான். பாலனுக்குப் பிரெஞ்சில் அதற்குச் சொல் வரவில்லை. மூன்று விரலால் தொட்டுத் தன் நெற்றியில் இழுத்துக் காட்டினான். பிறகு கண்ணை மேலே காட்டினான்.

பொலிஸ்காரன் ஒரு விரலால் தொட்டு மணந்து பார்த்தான். "அடுத்த முறை சாமியைக் கையில் பிடித்திருக்கச் சொல்லுங்கள்" என்றானாம். பாலன் அதை எனக்குத் தமிழில் சொல்லும்போதே சிரித்துவிட்டான். நான் வந்து இறங்கியபின் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. நெற்றியில் மூன்று குறியும் அப்படியே இருந்தன. முருகா, பொலிசை வைத்தாவது பூசிவிட்டாயே என்று நினைத்தேன்.

லா சப்பல் தெருவில் கால் வைத்ததும் கறிவேப்பிலை வாசம் வந்தது. சேலைக் கடைப் பொம்மைகள், நகைக்கடைக் கண்ணாடி, முருங்கைக்காய்க் கட்டு, மரண அறிவித்தல் ஒட்டிய கதவு. சனம் நிறைந்துதான் நின்றது. ஆனால் கையில் பை வைத்திருந்தவர்கள் குறைவு. வேலை கேட்டு வந்து, ஒருவருக்கொருவர் "ஏதும் இருக்கோ?" என்று விசாரித்துக்கொண்டு நின்ற கூட்டமே கூடுதல். தேத்தண்ணீர்க் கடையில் வடை வாங்கினோம். பாலன் அதை உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தான்.

"நான் வந்த புதுசிலை இந்த வடை கைநிறைய இருந்தது அண்ணை. வருசா வருசம் சுருங்கிச் சுருங்கி இப்ப இவ்வளவிலை வந்து நிக்குது."

எங்கள் மேசையில் ஒரு பெரியவர் இருந்தார். பாண்டிச்சேரிக்காரர், அந்துவான் என்று பேர் சொன்னார். கழுத்தில் சிலுவை. பாலன் தொழிற்சாலை மூடிய கதையைச் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நானும் உசின்லதான் இருந்தேன் தம்பி. கார் உசின்" என்றார். தொழிற்சாலைக்கு அவர்கள் உசின் என்பார்கள். "அப்பல்லாம் ஆளத் தேடிக்கிட்டு வருவாங்க. வியாழக்கிழம போர்மேனோட சண்ட போட்டு வேலைய விட்டா, வெள்ளிக்கிழம எதுத்தாப்ல இருக்கற கேட்டுல சேந்துக்கலாம். அரபு நாட்டு மலையெல்லாம் ஏறிப் போயி, கையப் புடிச்சுப் பாத்து, பல்லப் பாத்து ஆளெடுத்தாங்க. ராத்திரியும் பகலும் புகை. புகை இருந்தா சோறு இருக்குன்னு அர்த்தம்."

"பிறகு?" என்று கேட்டேன்.

"அப்புறம் எண்ணெய் வெல ஏறுச்சு, நின்னு போச்சு. அன்னிலேருந்து வர்ற ப்ரெசிதான், அதான் ஜனாதிபதி, ஒவ்வொருத்தனும் 'அடுத்த வருஷம் சரியாயிடும்'ன்றான். நானும் அடுத்த வருஷத்த எதிர்பாத்துக்கிட்டே கெழவனாயி பென்சனுக்கு வந்துட்டேன்."

"இப்ப எழும்பீட்டுது எண்டு ரீவியிலை சொல்லுறாங்கள் ஐயா" என்றான் பாலன். அது உண்மை. முதல்நாள் இரவுச் செய்தியில் அம்புக்குறி மேலே ஏறுவதை நானும் பார்த்தேன்.

"எழுந்திருக்கும்" என்றார் அந்துவான். "எழுந்து எந்தப் பக்கம் போச்சுன்னுதான் தெரியல."

கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். பாலன் சிரிக்கவில்லை.

பிள்ளையார் கோயில் வாசல் வரை வந்தான். "நீங்கள் போயிட்டு வாங்கோ, நான் செருப்பைப் பாக்கிறன்" என்று வெளியே நின்றுவிட்டான். உள்ளே நான் பிள்ளையாருக்கு முன்னால் நின்று, பெரிய மந்திரம் ஒன்றும் தெரியாதவன், தெரிந்தபடி கேட்டேன். பிள்ளையாரே, இந்த வீட்டுக்கு ஒரு வேலையைக் கொடு. விஜயதசமிக்குள் கொடுத்தாயென்றால் உன் வாசலில் தேங்காய் உடைக்கிறேன். என் கண்ணால் தண்ணீர் வந்தது. பக்கத்தில் நின்ற பெண் கண்ணைத் துடைக்க எனக்குக் கைலேஞ்சி தந்தாள். அவளும் அழுதுகொண்டுதான் நின்றாள். எங்கள் இருவருக்கும் பிள்ளையார் ஒருவர்தான்.

மறுநாள் தொழிற்சாலையைப் பார்க்க வேண்டும் என்றேன். பாலனுக்கு விருப்பமில்லை. ஆனால் அண்ணன் கேட்டால் மறுக்கிற பிள்ளை அல்ல. அதே பஸ்ஸில் போனோம். அவன் ஏறியதும் பின்வரிசை ஜன்னலோரத்தில் போய் இருந்தான். அந்த இருக்கையின் துணி அவன் முதுகு அளவுக்குத் தேய்ந்திருந்ததுபோல எனக்குப் பட்டது.

பெரிய இரும்புக் கதவில் சங்கிலி. உள்ளே நீள நீளமான லொறிகள். பச்சைப் படங்கு போர்த்திய இயந்திரங்களைப் பாரந்தூக்கி தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தது. கிழக்குப் பக்க நாடு ஒன்றுக்குப் போகிறதாம். அங்கே ஆளுக்குக் கூலி குறைவு. "மெஷினுக்கு விசா தேவையில்லை" என்றான் பாலன்.

வேலிக்கு அந்தப் பக்கம் காவலுக்கு நின்ற மனிதன் பாலனைக் கண்டதும் கையை உயர்த்தினான். அசீஸ் என்று பேர், மொரோக்கோக்காரன். பாலனுக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்றவன். கடைசி லொறி போகும் வரைக்கும் அவனைக் காவலுக்கு வைத்திருந்தார்கள். இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. கையாலேயே கதைத்தார்கள். அசீஸ் கையை வாய்க்குக் கொண்டுபோனான். பாலன் தலையாட்டினான். அசீஸ் இரண்டு கைமுட்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தி, பிறகு லொறியைக் காட்டி, விரல்களை விரித்தான்.

"ஏன் கையாலை கதைக்கிறியள்?" என்று கேட்டேன்.

"உள்ளை அடிக்கிற சத்தத்துக்கு ஆர் வாயாலை கதைக்கிறது அண்ணை? இருவது வருசமா நானும் இவனும் இப்பிடித்தான். இவன்ரை குரல் எப்பிடி எண்டே எனக்கு வடிவாத் தெரியாது. என்ரை மெஷின் அந்த லொறியிலை போகுதாம். அதைத்தான் சொன்னவன்."

திரும்பும்போது அவனாகவே கதைத்தான். அவன் சேர்ந்த காலத்தில் இரவும் பகலும் மூன்று முறை ஆள் மாற்றி வேலை நடந்ததாம். சனிக்கிழமையும் வா என்று கெஞ்சினார்களாம். வருட முடிவில் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பெரிய விருந்து. சைவச் சாப்பாட்டுக்காரருக்கு வேறு மேசை. 2009இல் முதல் தடவையாக ஒரு கிழமை முழுக்க வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். அடுத்த மாதம் இன்னொரு கிழமை. விருந்து தேத்தண்ணீராகி, தேத்தண்ணீரும் நின்றது. பிறகு ஒவ்வொரு வருடமும் கூட்டம் வைத்து, கொஞ்சப் பேர் போக வேண்டும், மிச்சப் பேரைக் காப்பாற்றத்தான் என்று சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் மிச்சப் பேரில் ஒருவனாக இவன் நின்றான்.

"சப்பாத்து மட்டும் ஒரு வருசமும் தவறேல்லை" என்றான்.

எனக்கு என் மில் ஞாபகம் வந்தது. சண்டைக் காலத்தில் அது வருடக்கணக்காக நின்றது. மின்சாரம் இல்லை, டீசல் இல்லை, சனம் இடம்பெயர்ந்துவிட்டது. நின்றதற்குக் காரணம் குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் கடவுளிடம் கேட்கவும் தெரிந்தது: சண்டையை நிறுத்து என்று கேட்டோம். இங்கே மின்சாரம் இருக்கிறது. தெரு கண்ணாடி மாதிரி இருக்கிறது. இயந்திரம் வேலை செய்கிறது, அதை ஓட்டத் தெரிந்தவனும் உயிரோடு இருக்கிறான். ஆனாலும் நிறுத்திவிட்டார்கள். இதற்கு எந்த வார்த்தையில் கடவுளிடம் கேட்பது?

தொழிற்சாலைக் காணியின் மற்றப் பாதியில் வெள்ளைப் பெட்டிபோல ஒரு புதுக் கட்டடம் எழும்பியிருந்தது. இணையத்தில் சனம் வாங்கும் சாமான்களைப் பொதி பிரித்து அனுப்புகிற களஞ்சியமாம். வேலியில் பெரிய பதாகை: ஆட்கள் தேவை. நத்தார்ப் பண்டிகை வருவதால் அவசரமாக எடுக்கிறார்கள், ஊர் நகரசபை மண்டபத்தில் நேர்முகம் என்று எழுதியிருந்ததைப் பாலன் வாசித்துச் சொன்னான். எனக்குக் கோயில் மணி கேட்டதுபோல இருந்தது.

"போடா. பிள்ளையார் காட்டுறார்" என்றேன்.

"பிரெஞ்சிலை கேள்வி கேப்பாங்கள் அண்ணை. என்ரை பிரெஞ்சு கைப் பிரெஞ்சு."

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவம். அவள் மணிமணியாக் கதைப்பாள்."

அங்கே எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். வைத்தியரிடம், வங்கியில், பள்ளிக்கூடத்தில், எங்கும் பிள்ளைதான் தாய் தகப்பனுக்கு நாக்கு. நேர்முகத்தன்று மாதுமைக்கு வகுப்பு. ஒரு நாள்தானே என்று நான்தான் சொன்னேன். அவள் முகம் கோணவில்லை.

பாலன் தாடியை மழித்துக்கொண்டு வந்தான். நகரசபை மண்டபத்தில் வரிசையாக மேசைகள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு இளம் பெடியன். கையில் விரலால் தொட்டுக் குறிக்கிற கண்ணாடிப் பலகை. நான் பின்னால் கதிரையில் இருந்தேன். இரவு வேலை முடியுமா, சனி ஞாயிறு முடியுமா, பாரம் தூக்க முடியுமா என்று கேட்டான். பாலன் எல்லாவற்றுக்கும் தானாகவே ஓம் என்றான். பிறகு எங்களிடம் ஏன் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்டான். மாதுமை அதைத் தமிழில் சொன்னதும் பாலன் திகைத்துப்போனான்.

"இதென்ன கேள்வி பிள்ளை? வேலை செய்யத்தான் எண்டு சொல்லு."

அவள் அதைவிட நீளமாக ஏதோ சொன்னாள். பெடியனுக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். பிறகு அவன் அவளைப் பார்த்து ஒன்று கேட்டான். அவள் தோளைக் குலுக்கிப் பதில் சொன்னாள். அவன் பலகையில் ஏதோ குறித்தான். நல்ல மரியாதையான பெடியன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"போன் எடுத்துச் சொல்லுவினமாம்" என்றாள் மாதுமை.

அதன்பிறகு தொலைபேசியைச் சாமியறை வாசலில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். நான் காலையிலும் மாலையிலும் கந்தசஷ்டிக் கவசம் சொன்னேன். தொலைபேசி அடித்தால் ராஜினி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள். ஒருமுறை மூக்குக்கண்ணாடி விற்கிறவன். ஒருமுறை ஜன்னல் மாற்றுகிறவன். பாலன் பேப்பர் வாசிப்பதுபோல இருந்துகொண்டு காதை மட்டும் இங்கே வைத்திருப்பான். பிறகு ஒருநாள் காலை தாடி மழிக்காமல் ஜன்னலடிக்கே திரும்பிப் போனான். நான் கவசத்தைத் தொடர்ந்து சொன்னேன். எனக்கு வேறு என்ன தெரியும்.

விஜயதசமிக்கு முந்தின வியாழக்கிழமை பின்னேரம் மாதுமை ஒரு காகிதப் பெட்டியோடு வந்தாள். சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றாமல் நின்றாள். பாலன் பெட்டியைப் பார்த்தான். திறக்காமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அளவுப் பெட்டியை அவன் இருபது வருடம் காவியிருக்கிறான்.

அவள் பிரெஞ்சில் வேகமாகக் கதைத்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராஜினி சுவரில் சாய்ந்தாள்.

"என்ன சொல்லுறாள்?" என்று கேட்டேன்.

"அந்த நேர்முகப் பெடியன் இவளுக்குத்தான் போன் எடுத்தவனாம் அண்ணை. வேலையை இவளுக்குத் தந்திட்டாங்கள். திங்கக்கிழமை வரச் சொல்லிப்போட்டாங்கள்" என்றாள் ராஜினி.

"அப்ப அப்பாவுக்கு?"

மாதுமை எனக்குத் தமிழில் பதில் சொன்னாள். "நான் கேட்டனான் பெரியப்பா. ஒருக்கால் இல்லை, ரெண்டு தரம். ஆக்கள் போதும் எண்டவை."

பாலன் மெதுவாகக் கேட்டான். "யூனிவேர்சிற்றி?"

அவள் பிரெஞ்சில் இரண்டு சொல் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தாள்.

"அடுத்த வருசம் போறாளாம்" என்றாள் ராஜினி.

அந்தச் சொல்லை நான் லா சப்பலில் வடை தின்றபோது கேட்டிருந்தேன்.

அவன் சத்தம் போடுவான் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நல்லது. அவன் பெட்டியைத் திறந்து ஒரு சப்பாத்தை எடுத்தான். சின்னதாக, கறுப்பாக, பள்ளிக்கூடப் பிள்ளையின் சப்பாத்துப்போல இருந்தது. கட்டைவிரலால் முன்பக்கத்தை அழுத்தி இரும்புத் தொப்பி இருக்கிறதா என்று பார்த்தான். அடியை வளைத்துப் பார்த்தான். உள்ளே கையை விட்டுத் தையலைத் தடவினான்.

"ஒரு சைஸ் பெரிசு" என்றான். "காலுக்கு ரெண்டு சோடி மேஸ் போடு. இல்லாட்டிக் குதி தோல் உரியும்."

சப்பாத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு ஜன்னலடிக்குப் போனான்.

சனிக்கிழமை விஜயதசமி. காலையில் பூவும் பழமும் வாங்க லா சப்பலுக்கு நான் தனியாகப் போனேன். பையைக் கையிலேயே பிடித்திருந்தேன். பிள்ளையார் வாசலில் நின்று நெடுநேரம் யோசித்தேன். வீட்டுக்கு ஒரு வேலை கேட்டேன்; கொடுத்துவிட்டார். யாருக்கென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. யாருக்கென்று சொல்ல வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்? நேர்ந்தது நேர்ந்ததுதான். தேங்காயை உடைத்தேன். ஒரே அடியில் நேர்பாதியாகப் பிளந்து, பால்போல வெள்ளையாகக் கிடந்தது. ஐயர் பார்த்துவிட்டு, நல்ல சகுனம், போன காரியம் சித்தி என்றார். நான் அவருக்குத் தலையாட்டினேன். பிள்ளையாரைப் பார்க்கத்தான் முடியவில்லை.

மாலையில் ராஜினி அவலும் கடலையும் வைத்து விளக்கேற்றினாள். தன் பங்குக்குக் கத்தியையும் அகப்பையையும் வைத்தாள். மாதுமையின் புத்தகங்களை அவளே கொண்டுவந்து வைத்தாள். அவை புதுசாக, விரிக்காத மட்டையோடு இருந்தன. கீழ்த்தட்டு அப்போதும் வெறுமை.

பாலன் கதிரையிலிருந்து எழும்பினான். குளித்துவிட்டு வந்தான். மேசையிலிருந்து அந்தச் சப்பாத்துகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, ஆடிக்குப் பிறகு முதல் தடவையாகச் சாமியறைக்குள் வந்தான். குனிந்து கீழ்த்தட்டில் வைத்தான். வலது இடது சரிபார்த்து, நுனி சரஸ்வதியைப் பார்க்காதபடி பக்கவாட்டில் திருப்பி வைத்தான்.

"நீங்கள் வையுங்கோ அண்ணை" என்றான்.

நான் சந்தனத்தைக் குழைத்து இரும்புத் தொப்பியின்மேல் வைத்தேன். குங்குமம் வைத்தேன். ஒரு பொட்டு சரிந்துவிட்டது. என்ன காரியத்துக்காக விமானம் ஏறி வந்தேனோ அது நடந்துவிட்டது. தம்பி சாமியறைக்குள் நின்றான். கண்ணை மூடிக் கும்பிட்டான். அவன் என்ன கேட்டான் என்று எனக்குத் தெரியாது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை விடியற்காலை அவன் எல்லோருக்கும் முதல் எழும்பிவிட்டான். மகளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினான். பாணுக்குள் சம்பலை வைத்துச் சுற்றிக் கொடுத்தான். எத்தனை மணி பஸ் நேரத்துக்கு வரும், எது பிந்தும், எந்த இருக்கையில் குளிர் அடிக்காது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இத்தனை நாளும் சேர்த்துவைத்த பேச்செல்லாம் அப்போதுதான் வந்தது. அவள் எல்லாவற்றுக்கும் தமிழிலேயே ஓம் அப்பா, ஓம் அப்பா என்றாள்.

தரிப்பிடம் வரை மூன்று பேரும் இறங்கினோம். குளிர் பல்லைக் கிட்ட வைத்தது. சப்பாத்தின் நுனியில் குங்குமம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

பஸ் வந்து நின்றது. மாதுமை ஏறினாள். அவளுக்குப் பின்னால், எத்தனையோ வருடப் பழக்கத்தில், பாலனும் வலது காலை உள்ளே வைத்துவிட்டான். சாரதி அவனைத் தெரிந்தவன்போலத் தலையாட்டினான். பாலனும் தலையாட்டினான். பிறகுதான் குனிந்து தன் காலைப் பார்த்தான். அதில் வீட்டுச் செருப்பு இருந்தது.

காலை எடுத்தான். கதவு மூடிக்கொண்டது.